திருப்தி யாருடைய ஏட்டில்?

கல்யாணப் பந்தியில் மோர் சாதம் முடிந்து இலையை மடிக்கப்போகும் நேரத்தில் வீட்டுக்காரர் வந்து நிற்பார். "திருப்தியா சாப்பிட்டீங்களா?" சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்திருக்கும். பாயசம் நம் வரிசைக்கு வருவதற்குள் பாத்திரம் காலியாகியிருக்கும். இருந்தாலும் "ரொம்ப திருப்திங்க" என்றுதான் சொல்வோம். இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. அவர் விசாரிப்பது சாப்பாட்டை இல்லை என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். விருந்தாளி தன் பங்குக்குச் செய்யும் மரியாதை அது.

இந்தச் சொல்தான் இப்போது நம் கல்லூரிகளின் அளவுகோல்களில் ஒன்று. தரச்சான்று தரும் நாக் அமைப்பு 2017-ல் தன் மதிப்பீட்டு முறையைத் திருத்தியபோது மாணவர் திருப்திக் கணக்கெடுப்பையும் அதில் சேர்த்துக்கொண்டது. மொத்தம் 21 கேள்விகள். பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தினார்கள், ஆசிரியர்கள் தயாராக வந்தார்களா, புரியும்படி சொன்னார்களா என்று போகும் 20 கேள்விகளுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போட வேண்டும். கடைசிக் கேள்வியில் மட்டும் மாணவர் தன் சொந்த வாக்கியத்தில் மூன்று யோசனைகள் எழுதலாம். மோசமான படிவம் என்று சொல்லமாட்டேன். எங்கள் காலத்தில் இதுகூடக் கிடையாது. ஆனால் அந்த 21-ல் ஒன்றுகூட "இந்தப் படிப்பை நீ ஏன் எடுத்தாய்?" என்றோ, "இதிலிருந்து என்ன எதிர்பார்த்து வந்தாய்?" என்றோ கேட்பதில்லை.

ஒரு மாணவி தன் படிப்பைப் பற்றித் திருப்தி என்று சொல்கிறாள். அந்தப் படிப்பு அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது என்று இதை வைத்து முடிவுகட்டலாமா? இந்தக் கேள்வியைக் கணக்கியல் படிப்பை, அதாவது நம்மூர் பி.காமை, வைத்துக்கொண்டு யோசிக்க விரும்புகிறேன். கலை அறிவியல் கல்லூரிகளில் கூட்டம் மொய்க்கும் படிப்பு அது. பி.காம். சி.ஏ., பி.காம். பி.ஏ., அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், கார்ப்பரேட் செகரட்டரிஷிப் என்று கிளைகளும் ஏராளம். இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கேள்வியைக் கையாளத் தத்துவவாதிகளிடம் இருப்பதைவிடக் கூர்மையான கருவிகள் கணக்குப்பிள்ளைகளிடம் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

நான் பி.காம். படித்தவன் இல்லை. இன்ஜினியரிங். பணப் பரிவர்த்தனை மென்பொருள் எழுதும் வேலைக்கு வந்த பிறகுதான் டெபிட், கிரெடிட் என்றால் என்ன என்று உட்கார்ந்து படித்தேன்.

*

மாணவர் திருப்தியை எது தீர்மானிக்கிறது என்று உலகம் முழுக்க ஆய்வுக்கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. வணிகவியல் துறைகளுக்கு இது வற்றாத தலைப்பு. ஆசிரியர், பாடத்திட்டம், வேலைவாய்ப்பு, வகுப்பறை வசதி, அலுவலகத்தில் கிடைக்கும் பதில் என்று பெரும்பாலும் யாரும் ஊகிக்கக்கூடிய காரணிகள்தான் அவற்றில் வரும். அதைவிட அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பது எனக்குச் சுவாரசியமாக இருந்தது. இத்தகைய ஆய்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் சர்வ்குவால் என்ற முறையை 1988-ல் வெளியிட்டவர்கள் மூன்று பேர். முதல் பெயர் ஏ. பரசுராமன், ஐஐடி மெட்ராஸில் படித்தவர். மற்றவர்கள் வலேரி சைதாமல், லியோனார்ட் பெர்ரி. வங்கி, கடன் அட்டை, வீட்டு உபயோகப் பொருள் ரிப்பேர், தொலைதூரத் தொலைபேசி ஆகிய சேவைகளின் வாடிக்கையாளர்களிடம் கேட்டு உருவாக்கியது. பிறகு அது கல்லூரிக்குள்ளும் வந்துவிட்டது.

அதன் அடிப்படை ஒரு கழித்தல் கணக்கு. கிடைத்தது என்று நினைப்பதிலிருந்து எதிர்பார்த்ததைக் கழி, வருவது தரம். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு இது போதும். ஃப்ரிட்ஜ் குளிர வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் பெரிய மர்மம் எதுவும் இல்லை, அது யாருக்கும் மாறுவதுமில்லை. ஆனால் கழித்தல் என்றால் இரண்டு வழிகளில் விடையைப் பெரிதாக்கலாம். முதல் எண்ணைக் கூட்டலாம், அல்லது இரண்டாவதைக் குறைக்கலாம். ஆசிரியர்களை நியமிப்பது, நூலகம் கட்டுவது எல்லாம் முதல் வழி, செலவு பிடித்தது. இரண்டாவது வழிக்குக் கல்லூரி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். அந்த வேலையை ஊரும் வீடும் பள்ளிக்கூடமும் ஏற்கெனவே முடித்து அனுப்பியிருக்கும்.

என் சித்தி மகள் ஒருத்தி. ஊத்துக்குளிப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் காமர்ஸ் குரூப், நல்ல மதிப்பெண். சி.ஏ. படிக்க வேண்டும் என்று சொன்னாள். "மொதல்ல ஒரு டிகிரி முடி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். காலேஜ் பஸ் வீட்டு வாசலுக்கு அருகில் நிற்கும், மாலை ஐந்தரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும் என்ற காரணத்துக்காக ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்த்தார்கள். பள்ளியில் தமிழ் மீடியம். பேரேடு ஒரே நாளில் லெட்ஜர் ஆனது, இருப்பாய்வு ட்ரயல் பேலன்ஸ் ஆனது. மூன்று ஆண்டுகள் பலகையில் கணக்கைப் போட்டார்கள், இவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இறுதியாண்டில் திருப்திப் படிவம் வந்தபோது 20 கேள்விக்கும் 4 போட்டாளாம். 21-ஆவதில் "நில்" என்று எழுதிவிட்டாள்.

யாரும் மிரட்டினார்களா என்று கேட்டேன். இல்லை. வரிசையாக 4 போடச் சொன்னார்களா? அதுவும் இல்லை. "நெஜமாவே திருப்திதாங்ணா. என்ன பெருசா எதிர்பார்த்துப் போனேன்? நடுவுல நிறுத்தாம முடிக்க விட்டாங்களே."

இந்த வாக்கியத்தில்தான் என் மனம் நின்றுவிட்டது. அவளுடைய திருப்தி முழுக்க உண்மை. அந்தக் கழித்தலும் சரியாகத்தான் நடந்திருக்கிறது. ஆனால் அவள் சொன்ன இரண்டாவது எண்ணில் கல்லூரிக்கு எந்தப் பங்கும் இல்லை. "முடிக்க விட்டது" அவளுடைய அப்பா.

*

எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்று சொல்லிவிட்டுப் போன நரியின் கதை நமக்குத் தெரியும். நார்வேக்காரரான யோன் எல்ஸ்டர் 1983-ல் அந்த நரியின் பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். கிடைக்க வாய்ப்பில்லாததை விரும்பாமல் இருக்க மனம் தன்னைப் பழக்கிக்கொள்ளும் என்றால், மக்களின் விருப்பம் நிறைவேறியதா என்பதை மட்டும் வைத்து ஒரு சமூக ஏற்பாடு நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்வது? இதுதான் அவர் கேள்வி. அமர்த்தியா சென் இதையே இந்திய மண்ணில் வைத்துக் காட்டினார். வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944-ல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஓர் உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்கள் உடல்நிலை சரியில்லை அல்லது சுமார்தான் என்று சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். பஞ்சம் முடிந்த கையோடு, அன்றைய வங்கத்தில், விதவைகள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாராவது நம்புவார்களா? உடம்பு நோவதை ஒரு புகாராகச் சொல்லலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை.

பி.காம். மாணவியைப் பஞ்சகால விதவையோடு ஒப்பிடுவது அதிகப்படி. அளவில் ஒப்பிடவே முடியாது. ஆனால் இயங்கும் விதம் ஒன்றுதான். எதிர்த்திசையிலும் இது இயங்கும். சென்னையில் பெயர்பெற்ற கல்லூரிகளில் பி.காம். இடம் கிடைப்பது பல இன்ஜினியரிங் கல்லூரிகளில் சேர்வதைவிடக் கடினம். அப்படி நுழைந்தவர்களில் பலர் பக்கத்திலேயே சி.ஏ.வும் எழுதிக்கொண்டிருப்பார்கள். சி.ஏ. இறுதித் தேர்வில் இரண்டு குரூப்பையும் ஒன்றாக எழுதியவர்களின் தேர்ச்சி பல முறை பத்து சதவீதத்தை ஒட்டியே இருந்திருக்கிறது. அதில் விழுந்தவனிடம் பி.காம். எப்படி என்று கேட்டால் "டைம் வேஸ்ட் ப்ரோ" என்பான். நல்ல ஆசிரியர்கள், நல்ல நூலகம், நல்ல நண்பர்கள், எல்லாம் கிடைத்திருக்கும். படிவத்தில் அவன் 2 போடுவான், என் தங்கை 4 போடுவாள். இந்த இரண்டு எண்களையும் வைத்து இரண்டு கல்லூரிகளை ஒப்பிடுவதை என்னவென்று சொல்வது.

கணக்குப்பதிவியலில் இதற்குப் பெயர் இருக்கிறது: ஈடுசெய் பிழை. ஒரு கணக்கின் பற்றுப் பக்கம் நூறு ரூபாய் குறைத்து எழுதிவிட்டீர்கள். வேறொரு கணக்கின் வரவுப் பக்கமும் நூறு ரூபாய் குறைந்துவிட்டது. இருப்பாய்வு எடுத்தால் இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தும். பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்: இருப்பாய்வு பொருந்திவிட்டது என்பதாலேயே கணக்கு சரி என்று ஆகிவிடாது. ஒருபக்கம் குறைவான கல்வி, மறுபக்கம் குறைவான எதிர்பார்ப்பு. கூட்டினால் 20 நாலுகள்.

*

சரி, எதிர்பார்ப்பை விடுவோம். திருப்தி இருக்கும் இடத்தில் கற்றலாவது நடந்திருக்குமா? அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களை எந்த ஆசிரியரிடம் போடுவது என்பதைக் குலுக்கல் போலத்தான் முடிவு செய்கிறார்கள். அதனால் அது ஓர் இயற்கையான சோதனைக்கூடம். ஸ்காட் கேரலும் ஜேம்ஸ் வெஸ்டும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், நுண்கணித வகுப்பில் மாணவர்களிடம் நல்ல மதிப்பீடு வாங்கிய ஆசிரியர்களின் மாணவர்கள் அந்த வகுப்புத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஆனால் அதற்கு அடுத்த நிலைப் பாடங்களில் சறுக்கினார்கள். 2019-ல் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் செய்த சோதனையும் ஏறக்குறைய இதே திசையில்தான். தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டிய மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள்தான் தாங்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். கற்கும்போது வரும் தடுமாற்றத்தை நாம் கற்காததன் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறோம்.

கணக்கியலில் அந்தத் தடுமாற்றம் முதல் வாரத்திலேயே வருகிறது. தமிழ் மீடியத்தில் இன்னும் கூடுதலாக வரும். வீட்டில் பணம் வந்தால் அதற்கு வரவு என்று பெயர். பாடப்புத்தகமோ ரொக்கம் உள்ளே வந்தால் பற்று எழுது என்கிறது. சரி, அப்படியே மனப்பாடம் செய்துகொள்வோம் என்று பார்த்தால், பேங்க் பாஸ்புக்கில் நாம் போட்ட பணம் வரவு என்று வருகிறது. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து "மேடம், ஏன் மாறி மாறி வருது?" என்று கேட்கும். "ரூல் அப்படித்தான், எழுதிக்கோ" என்று பதில் வரும். அந்த மேடத்தையும் குற்றம் சொல்ல முடியவில்லை. சொற்ப சம்பளத்தில் ஒரு நாளைக்கு ஐந்து பீரியட் எடுப்பவர், செமஸ்டர் முடிவதற்குள் ஐந்து யூனிட்டையும் முடித்தாக வேண்டும். அவருடைய திருப்தியை அந்தப் படிவம் கேட்பதில்லை.

ஆனால் அந்தக் கேள்விக்கு அழகான பதில் இருக்கிறது. பாஸ்புக் நம்முடைய ஏடு இல்லை. வங்கியின் பேரேட்டில் நம் பெயரில் இருக்கும் பக்கத்தின் நகல். நாம் பணம் போட்டால் வங்கி நமக்குக் கடன்பட்டிருக்கிறது, ஆகவே அதன் ஏட்டில் அது வரவு. அதே பணம் நம் ஏட்டில் வங்கியிடமிருந்து நமக்கு வரவேண்டியது, ஆகவே பற்று. அண்ணாச்சி கடையில் மாதக்கடனுக்குச் சாமான் வாங்கினால் நம் பெயரில் பற்று எழுதுகிறாரே, அவர் எந்தக் கல்லூரிக்கும் போகாமல் சரியாகத்தான் எழுதுகிறார். பெறுபவர் பெயரில் பற்று. ஒரே நிகழ்வு, இரண்டு ஏடுகள், இரண்டு பக்கங்கள். 1494-ல் வெனிஸில் லூகா பாச்சோலி அச்சிட்ட கணித நூலில் வணிகர்களின் இந்த முறையை விவரித்தபோதும் அடிப்படை இதுதான்: எந்த மதிப்பும் சும்மா வருவதில்லை, வந்த இடத்தையும் சேர்த்து எழுது.

இது எனக்குப் புரிந்த அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஒரு தொகையைப் பார்த்ததும் "இது யாருடைய ஏடு?" என்று கேட்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது. மூன்று ஆண்டு பி.காம். ஒரு மாணவிக்குத் தரக்கூடிய மிகப்பெரிய பரிசு இந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். அது அவளுக்குக் கிடைத்ததா என்பதைத் திருப்திப் படிவத்தால் கண்டுபிடிக்க முடியாது. இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாதவளால் அது கிடைக்கவில்லை என்று எப்படி எழுத முடியும்?

தங்கை இப்போது திருப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறாள். பனியன் கம்பெனிகளின் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல், டேலி. வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறது. எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் சொன்னாள். சேர்ந்த புதிதில் ஒரு பார்ட்டியின் பழைய கைக்கணக்கில் இரண்டு பக்கமும் 90 ரூபாய் இடித்ததாம். மாலைவரை தேடினாள். அங்கே அறுபதைத் தாண்டிய ஒரு சீனியர் அக்கவுண்டண்ட் இருக்கிறார். அவர் எட்டிப்பார்த்து, "ஒம்பதுல வகுபடுதா பாரும்மா" என்றார். வகுபட்டது. "அப்படின்னா எங்கியோ நம்பர் மாத்திப் போட்டிருக்கு." பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது, 1,540 என்பதை யாரோ 1,450 என்று எழுதியிருந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். பள்ளி அல்ஜீப்ராவில் இரண்டு வரியில் நிரூபித்துவிடலாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். "அன்னைக்குத்தாங்ணா எனக்கு இந்தக் கணக்கு மேல ஆசை வந்துச்சு."

அந்த ஆசையைக் கொடுத்தது அந்தப் பெரியவர். ஆனால் முன்னாள் மாணவர் கருத்துக் கேட்டுக் கல்லூரியிலிருந்து லிங்க் வந்தபோது, "என் வேலைக்கு இந்தப் படிப்பு மிகவும் உதவியது" என்பதற்கு நேராக அவள் மறுபடியும் 4 போட்டாள். ராமசாமி கட்டிய பணத்தைக் குப்புசாமி கணக்கில் வரவு வைத்தாலும் இருப்பாய்வு பொருந்தத்தான் செய்யும்.

*

இதையெல்லாம் அவளிடமே ஃபோனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னது: "நீங்க இன்ஜினியரிங் படிச்ச நாலு வருசமும் காலேஜைத் திட்டிட்டே இருந்தீங்க. நான் திட்டல. இதுல யாரு நிம்மதியா இருந்தாங்கன்னு நீங்களே சொல்லுங்க. நான் திருப்தியா இருக்கறது உங்களுக்கு என்னங்ணா பிரச்சினை?"

இது இந்தக் கட்டுரை மொத்தத்துக்கும் எதிரான கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. வசதியான வேலையில் உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தியின் நிறைவை "இது பழகிப்போன மனம்" என்று சொல்வதில் ஒரு திமிர் இருக்கிறது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-ல் திருப்தியான பன்றியையும் திருப்தியற்ற சாக்ரடீஸையும் தராசில் வைத்ததிலிருந்து படித்தவர்களுக்கு இந்த ஆணவம் சுலபமாக வருகிறது. போதும் என்ற மனதைப் பொன்னுக்கு ஈடாக்கிய பழமொழி உள்ள மொழியில் அவளுடைய பக்கம் இன்னும் வலுவானது. அவள் போதும் என்று சொன்னதில் அறிவும் இருக்கிறது. கிடைத்ததை வைத்துக்கொண்டு சிதையாமல் நிற்பது ஒரு திறமை. அவள் அளவுக்கு எனக்கு அது கிடையாது.

ஆகவே அவள் அதிருப்தி கொள்ள வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அவளுடைய ஏட்டில் அவள் என்ன எழுதுகிறாள் என்பது அவள் உரிமை. என் கேள்வி கல்லூரியின் ஏட்டைப் பற்றியது.

ஒரு கம்பெனி பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் அறிவிக்கிறது. சிலர் வந்து வாங்குவதே இல்லை. விலாசம் மாறியிருக்கும், இறந்திருப்பார்கள், அப்படி ஒன்று வரவேண்டியிருக்கிறது என்பதே தெரியாமல் இருப்பார்கள். அந்தப் பணத்தைக் கம்பெனி என்ன செய்யலாம்? "யாரும் கேட்கவில்லை, எல்லோரும் திருப்தி" என்று தன் லாபத்தில் சேர்த்துக்கொள்ளலாமா? கூடாது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி அதைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் யாரும் கேட்காவிட்டால் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பிறகும் உரியவர் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். வங்கியில் பத்து ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் வைப்புக்கும் இதேபோல் ரிசர்வ் வங்கியில் ஒரு நிதி இருக்கிறது. கடன் கொடுத்தவர் மறந்துவிட்டாலும், மன நிறைவோடு வீட்டில் உட்கார்ந்திருந்தாலும், கடன் வாங்கியவரின் ஏட்டில் அது கடன்தான். அவருடைய மௌனத்தை வருமானமாகக் காட்டினால் அதற்குப் பெயர் மோசடி.

மூன்று ஆண்டுக் கட்டணமும் அவளுடைய பதினேழிலிருந்து இருபது வயதுவரையான காலமும் கல்லூரியின் ஏட்டில் அவள் பெயரில் வரவாகி நிற்கின்றன. பாஸ்புக் கணக்குதான் இதுவும். அவர்கள் அவளுக்குப் பட்டிருக்கும் கடன். அதில் ஒரு பகுதியைக் கொடுத்துத் தீர்த்தார்கள், சான்றிதழ் வந்தது, பஸ் நேரத்துக்கு ஓடியது. பாஸ்புக் ஏன் மாறி வருகிறது என்ற பதிலைக் கொடுக்கவில்லை. அவள் அதைக் கேட்கவில்லை. கேட்காததை 4 என்று மொழிபெயர்த்துத் தரச்சான்றுக் கோப்பில் சாதனையாகக் காட்டுகிறார்கள். எனக்கு உறுத்துவது இந்த இடம் மட்டும்தான்.

அதிலும் இது கணக்கியல் படிப்பு என்பதால் உறுத்தல் கொஞ்சம் கூடுதல். தணிக்கையாளருக்கு விதிக்கப்பட்ட தரங்களில் தொழில்முறை ஐயம் என்று ஒன்று இருக்கிறது. கொடுத்த விளக்கம் எவ்வளவு நம்பும்படி இருந்தாலும் ஆதாரம் கேள் என்பது அதன் சாரம். எளிதில் திருப்தி அடையாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வேர்ல்ட்காம் கம்பெனியில் அன்றாடச் செலவுகளை மூலதனச் செலவாக எழுதி, செலவைச் சொத்து போலக் காட்டிவந்தார்கள். 2002-ல் அதை வெளிக்கொண்டுவந்தவர் உள்தணிக்கைப் பிரிவின் தலைவர் சிந்தியா கூப்பர், மிசிசிப்பியில் கணக்கியல் படித்தவர். நிதித்துறையின் தலைவர் பொறுத்திருக்கச் சொன்னபோதும் அவரும் அவருடைய குழுவும் இரவில் உட்கார்ந்து பதிவுகளைத் தோண்டினார்கள். முதலில் வெளிவந்த தொகையே 380 கோடி டாலர். நம் பக்கத்தில் சத்யம். 2009 ஜனவரி 7 அன்று ராமலிங்க ராஜு தானே கடிதம் எழுதி ஒப்புக்கொள்ளும்வரை, இல்லாத சுமார் 5,000 கோடி ரூபாய் இருப்புநிலைக் குறிப்பில் வங்கி இருப்பாகவும் ரொக்கமாகவும் உட்கார்ந்திருந்தது. தணிக்கை ஆண்டுதோறும் நடந்துகொண்டுதான் இருந்தது. யாரோ சிலர் காகிதத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்திருக்கிறார்கள்.

"ரூல் அப்படித்தான், எழுதிக்கோ" என்று மூன்று ஆண்டு கேட்டுப் பழகியவரை நாளைக்கு ஒரு முதலாளி அழைத்து, "இந்தச் செலவை அந்தக் கணக்குல எழுதிக்கோ" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? எழுதித்தான் கொள்வார் என்று நான் சொல்லவில்லை. மனிதர்கள் தங்கள் படிப்பைவிட மேலானவர்களாக அடிக்கடி இருக்கிறார்கள். வேர்ல்ட்காமில் எழுதிக்கொண்டவர்களும் கணக்குத் தெரிந்தவர்கள்தான். அவர்களில் ஒரு நடுநிலை அதிகாரி, மனசு ஒப்பாமலே மேலிடம் சொன்னபடி பதிவுகளைப் போட்டதற்காகச் சிறைக்குப் போனார்.

அந்தப் படிவத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று நினைக்கவில்லை. கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை, யூனிட் நடத்தவே இல்லை என்பதெல்லாம் அதில்தான் தெரியவருகிறது. இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் போதும். இந்தப் படிப்பை யார் தேர்ந்தெடுத்தது? வகுப்பில் நீ கேட்டுப் பதில் கிடைக்காத ஒரு கேள்வியை எழுது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் "நில்" என்றுதான் வரும். ஒரு துறைத்தலைவர் கவலைப்பட வேண்டிய "நில்" அது.

தங்கை டிசம்பரில் சி.எம்.ஏ. இன்டர் எழுதப்போகிறாள். கோச்சிங் கட்டணம் அவள் சம்பளத்திலிருந்துதான். இந்தத் தடவை என்ன எதிர்பார்க்கிறாய் என்று கேட்டேன். "பாஸாகணும். அப்புறம் கோச்சிங் சார் ஏன்னு கேட்டா பதில் சொல்லணும். கட்டுன காசுக்கு அதாவது வேண்டாமுங்களா?" என்றாள். அந்தக் கட்டணத்தை எந்தக் கணக்கில் எழுதுவாய் என்று சீண்டினேன்.

"இப்போதைக்குச் செலவுதாங்ணா. பாஸானா அசெட்டுக்கு மாத்திக்கலாம்."

"அது வேர்ல்ட்காம்காரங்க பண்ணின வேலை."

சிரித்தாள். அன்று 19-ஆம் தேதி, மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள். இன்னும் நாலு கம்பெனி பாக்கி இருக்கிறது என்று ஃபோனை வைத்துவிட்டாள்.